சாட்சி சொல்லும் கிறிஸ்தவர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் அடுத்தடுத்து வெளிவந்த இரண்டு கடிதங்கள் குறித்து எழுதுகிறேன். முதலாவது கடிதத்தை எழுதிய சைவ அன்பர், கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர்கள் படலையைத் திறந்துகொண்டு வந்து, தங்களுக்கு நோய் தீர்ந்த கதையையும் கடன் தீர்ந்த கதையையும் சொல்லிக் கூட்டத்துக்கு அழைப்பது பெருந்தொல்லையாகிவிட்டதென்றும், விசுவாசத்தை அவரவர் தத்தம் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் அழகென்றும் எழுதியிருந்தார். அதற்கு மறுமொழி எழுதிய கிறிஸ்தவ சகோதரர், ஆண்டவர் தனக்குச் செய்ததை அறிவிப்பது ஒவ்வொரு விசுவாசிக்கும் இடப்பட்ட கட்டளை என்றும், கேட்பவருக்கு விருப்பமோ இல்லையோ சொல்லுகிறவர் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றும் முடித்திருந்தார்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து அதிலேயே இருப்பவள். இரண்டு கடிதங்களோடும் எனக்கு உடன்பாடில்லை. முதலாவதைவிட இரண்டாவது கடிதமே என்னை அதிகம் வருத்தியது, அது என் சொந்தச் சமயத்தார் எழுதிய கடிதம் என்பதனால். சாட்சி சொல்வதை, அதாவது ஆண்டவர் தனக்குச் செய்ததை மற்றவருக்கு அறிவிப்பதை, நாங்கள் நிறுத்தத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் வன்னியில் சாட்சி சொல்ல வாய் திறக்கிற கிறிஸ்தவர் எவரும், போரில் தான் தப்பிய கதையைத் தப்பாதவர்களின் தாய்மாரும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை ஒரு கணமும் மறக்கக் கூடாது. இதை எங்கள் சபைகள் இன்னும் போதிய அளவு யோசிக்கவில்லை என்பதே என் முறைப்பாடு.

முதலாவது கடிதத்துக்குச் சுருக்கமாக ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். தனக்கு நடந்ததைத் தெய்வத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்வது கிறிஸ்தவர் மட்டும் செய்கிற காரியமன்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் வைகாசிப் பொங்கலுக்குப் போய்வந்த எந்த ஆச்சியிடமும் கேட்டுப் பாருங்கள்; அம்மாள் வருத்தத்தில், அதாவது அம்மை நோயில், கிடந்த பிள்ளையை அம்மாளே எழுப்பிவிட்ட கதையை அவர் கண்ணீரோடு சொல்லுவார். மடு மாதா கோயில் மண்ணைப் பொட்டளியாகக் கட்டி வீட்டு வளையில் செருகி வைத்திருப்பவர்களில் சைவக் குடும்பங்களும் உண்டு. பாம்பு தீண்டியவர் பிழைத்த கதை அந்த வீடுகளிலும் சொல்லப்படுகிறது. ஏ9 வீதியால் போகிற பேருந்து முறிகண்டியில் நிற்க, தேங்காய் உடைத்துவிட்டு ஏறுகிற சாரதி, பிள்ளையார் தன்னைக் காத்த விபத்தை அடுத்த இருக்கைக்காரரிடம் சொல்லாமல் இருப்பாரா? இந்த மண்ணில் தெய்வக் கதை எப்போதும் வாய்விட்டுத்தான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அதை மனத்துக்குள் பூட்டிவைக்கும்படி ஒரு சமயத்தாரிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது.

ஆனால் அந்த ஆச்சி ஒருபோதும் செய்யாத ஒன்றை எங்களில் சிலர் செய்கிறார்கள். அம்மாள் என் பிள்ளையை எழுப்பினாள் என்று சொல்லுகிற ஆச்சி, உன் பிள்ளை செத்தது நீ அம்மாளை நம்பாததால் என்று பக்கத்து வீட்டாருக்குச் சொல்லுவதில்லை. எங்கள் கூட்டங்களில் அது நேரடியாகச் சொல்லப்படாவிட்டாலும், கேட்பவரின் காதில் அப்படித்தான் விழுகிறது.

நான் அறிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். அந்தத் தாய், போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையளித்தவர், சைவர். வீட்டு விறாந்தையில் மகனுடைய பாடசாலை அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார். அந்தப் படத்துக்கு மாலையும் இல்லை, பொட்டும் இல்லை, முன்னால் விளக்கும் இல்லை. இறந்தவருக்குச் செய்கிறதை மகனுக்குச் செய்ய அவர் மனம் ஒப்பவில்லை. அதே சுவரில் சற்றுத் தள்ளி, இறந்துபோன கணவருடைய படத்துக்கு மட்டும் சிறிய மின்குமிழ் எரிகிறது. ஒரு நாள் பின்னேரம் இளம் தம்பதியர் இருவர் அங்கே வந்தார்கள். மரியாதையானவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு, கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, தங்கள் சாட்சியைச் சொன்னார்கள். அந்தக் கணவருடைய தமையனும் அதே நாட்களில் காணாமற் போயிருந்தாராம். சபையில் உபவாசமிருந்து ஜெபித்தார்களாம். அவர் ஒரு புனர்வாழ்வு முகாமில் உயிரோடு இருப்பதாகச் செய்தி வந்து, பிறகு வீட்டுக்கும் வந்து சேர்ந்தாராம். "அம்மா, நீங்களும் விசுவாசியுங்கோ, உங்கட மகனையும் கர்த்தர் கொண்டுவந்து தருவார்" என்று சொல்லி, தலையில் கைவைத்து ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் நான் அங்கு போனபோது அந்தத் தாய் என்னிடம் கோபப்படவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ரீச்சர், நல்ல பிள்ளையள். ஆனா நானும் தானே கும்பிட்டனான். ஒரு கோயில் விடேல்லை. நான் கும்பிட்டது காணாமப் போச்சோ?"

அந்தத் தம்பதியர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் வரவில்லை. தமையன் வந்தது உண்மையாக இருக்கலாம், ஜெபித்ததும் உண்மை. அவர்கள் தங்கள் கதையை அந்த வீட்டில் சொன்னதைக்கூட நான் குறையாகச் சொல்லமாட்டேன். கதையின் நுனியில் அவர்கள் கட்டிவிட்ட வாக்குறுதிதான் அந்தத் தாயைக் குத்தியது. கர்த்தர் எனக்குச் செய்தார் என்பது சாட்சி. கர்த்தர் உனக்கும் இப்படியே செய்வார் என்பது சாட்சியன்று; அப்படிச் சொல்ல அவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அது நடவாதபோது பழி அவர்கள்மேல் விழுவதில்லை, விசுவாசம் போதாது என்று கேட்டவரின் மேல்தான் விழுகிறது. பதினைந்து வருடங்களுக்கும் மேலாகக் கச்சேரிக்கும் ஆணைக்குழுக்களுக்கும் காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் அலைந்த ஒரு பெண்ணுக்கு, இன்னுமொரு இடத்தில் உன் விண்ணப்பம் குறைபாடுள்ளது என்று சொல்லி அனுப்பியது போலாயிற்று.

இதற்கு வேதாகமத்திலேயே விடை இருக்கிறது. மறுமொழி எழுதிய சகோதரர் அதை நன்கு அறிந்தவராகவே தெரிகிறார். லூக்கா சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில், சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்றவர்கள் எல்லாரையும்விட அந்தப் பதினெட்டுப் பேரும் குற்றவாளிகளாயிருந்தார்களென்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்லவென்று அவரே மறுக்கிறார். செத்தவர்கள் பாவத்தால் செத்தார்கள் என்பது பொய்யானால், பிழைத்தவர்கள் தங்கள் நன்மையால் பிழைத்தார்கள் என்பதும் பொய்தான். போரின் கடைசி மாதங்களில் புதுமாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் முள்ளிவாய்க்காலிலும் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்து ஒரே தேவாரத்தையும் ஒரே செபத்தையும் சொன்னவர்களில் ஒருவர் எழும்பி வர, மற்றவர் வரவில்லை. அந்தக் கடற்கரையில் ஜெபமாலையோடு செத்தவர்களையும் திருநீற்றோடு பிழைத்தவர்களையும் எங்களில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். இதை அறிந்திருந்தும், நான் ஜெபித்தேன், ஆகையால் எறிகணை என்மேல் விழவில்லை என்று ஒலிவாங்கியில் சொல்லுகிறவர், அந்த ஆகையால் என்ற சொல்லை எங்கிருந்து பெற்றார்?

நன்றி சொல்லக் கூடாதா என்று கேட்பார்கள். சொல்லலாம். நானும் உயிர் தப்பியவள்தான். தப்பியதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் நான் படுக்கைக்குப் போவதில்லை. நன்றி ஆண்டவருக்குச் சொல்லப்படுவது, காரணம் மனிதருக்குச் சொல்லப்படுவது. காரணம் எனக்குத் தெரியாது என்று சொல்லத் தயங்காத சாட்சியை மாத்திரமே வன்னியில் ஒரு தாய் கடைசிவரை இருந்து கேட்பாள்.

இன்னொரு வேதபகுதியையும் சகோதரரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அவர் தம் கடிதத்தில் சுட்டியது மாற்கு 5ஆம் அதிகாரத்தில் வருகிற, பிசாசுகள் நீங்கின மனிதனுடைய கதையை. படகில் ஏறித் தன்னோடு வர அனுமதி கேட்ட அந்த மனிதனுக்கு இயேசு இடங்கொடாமல், உன் வீட்டுக்கு, உன் இனத்தாரிடத்துக்குப் போய், கர்த்தர் உனக்குச் செய்ததை அறிவி என்று அனுப்புகிறார். கட்டளை இருப்பது உண்மைதான். ஆனால் எங்கே அனுப்பினார் என்பதையும் பார்க்க வேண்டும். கல்லறைகளுக்குள்ளே சங்கிலியை அறுத்துக்கொண்டு திரிந்த கோலத்தில் அவனைக் கண்டிருந்தவர்களிடத்துக்கே அனுப்பினார்; அவன் ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னாலும் அந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடக்கூடியவர்கள் அவர்கள். அதே 5ஆம் அதிகாரத்தின் முடிவில், யவீருவின் மகள் எழுந்தபோது, இதை ஒருவருக்கும் அறிவிக்க வேண்டாமென்று உறுதியாகக் கட்டளையிட்டுவிட்டு, பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லுகிறார். சொல் என்பதும் சொல்லாதே என்பதும் ஒரே அதிகாரத்தில், ஒரே வாயிலிருந்து வருகின்றன. எப்போதும், எவரிடமும், எப்படியும் சொல்லியே ஆகவேண்டும் என்ற சட்டத்தை அந்த அதிகாரத்திலிருந்து எப்படி எடுத்தார்களோ தெரியவில்லை.

தெரிந்தவர்கள் நடுவில் சொல்லப்படுகிற சாட்சி எப்படி இருக்குமென்பதற்கு எங்கள் கிராமத்தில் ஓர் ஆள் இருக்கிறார். மேசன் வேலை செய்பவர். கசிப்புக் குடித்துவிட்டு வீதியோரத்தில் விழுந்து கிடந்த நாட்களில், அவரைத் தூக்கி வீட்டில் விட்டவர்களில் சைவரும் உண்டு, கத்தோலிக்கரும் உண்டு. இப்போது குடிப்பதில்லை. அவர் மேடையேறிச் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. சபையில் கேட்டும் மறுத்துவிட்டாராம். ஆனால் எங்கள் வீட்டுக் குசினிச் சுவர் பூசியபோது, பத்து மணித் தேத்தண்ணிக்குக் குந்தியிருந்த கூலிப்பெடியன் ஒருவன், "எப்பிடி அண்ணை விட்டனீங்கள்?" என்று கேட்டான். அவர் சாந்தகப்பையைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார். தன்னால் ஏலாமற் போனதை ஏலாதென்று ஒத்துக்கொண்டு ஒரு இரவு முழுவதும் ஆண்டவரிடம் அழுததைச் சொன்னார். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனதையும், சம்பளக் காசை மனிசி தன் கையில் தராமல் ஒளித்ததையும் சொன்னார். "மூண்டும் சேர்ந்துதான் தம்பி. எனக்கு முன்னாலை வந்தவர் அவர்தான் எண்டு நான் நம்புறன். உனக்கு எப்பிடி நடக்குமெண்டு நான் சொல்லேலாது. கிளினிக்குக்கு வாறதெண்டால் சொல்லு, நானும் வாறன்." அவ்வளவுதான். அந்தப் பெடியன் சபைக்கு வந்தானா என்று கேட்காதீர்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. அவன் கேட்டான், இவர் சொன்னார். சொன்னதில் எதையும் கிராமத்தவர் எவரும் மறுக்க முடியாது. முதலாவது கடிதத்தை எழுதிய அன்பர் இதையும் தொல்லையென்று சொல்லமாட்டார் என்று நம்புகிறேன்.

அடுத்ததாக, சைவ சமயத்திலிருந்து வந்தவர்கள் சொல்லுகிற சாட்சிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் இருளிலே இருந்தேன், பேய்களை வணங்கினேன், கல்லைக் கும்பிட்டேன் என்று அவை தொடங்குகின்றன. சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த அச்சு யாரோ வார்த்துக் கொடுத்தது போல எல்லாரும் அதற்குள்ளேயே தங்கள் வாழ்க்கையை ஊற்றுகிறார்கள். ஒலிபெருக்கி திறந்தவெளியில் கட்டப்பட்டிருக்க, இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற தாய், விளக்கு வைத்துத் திருநீறு பூசி இந்த மகளை வளர்த்த தாய், அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தான் பெற்று வளர்த்த வீடு இருள் என்று மகளுடைய குரலிலேயே ஊருக்கு அறிவிக்கப்படுகிறது. அந்தத் தாய் அவளுக்கு விரதச் சோறு குழைத்துத் தீத்தியதும், தமிழ்ப் பாடம் வராத பிள்ளைக்குச் சிவபுராணம் சொல்லி வாய் பழக்கியதும் எந்த இருளில் நடந்தன? கிறிஸ்துவை நான் எப்படிக் கண்டேன் என்று சொல்லுவதற்குத் தாயை இழிவுபடுத்தத் தேவையே இல்லை. யோவான் சுவிசேஷத்தில் பார்வை பெற்ற குருடன், முன்பு குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன் என்று தன்னைப் பற்றி மாத்திரமே சொன்னான். பெற்றாரை வம்புக்கு இழுத்தவர்கள் விசாரணை செய்தவர்களே.

இந்தப் புண் புதியதுமன்று. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த மிசனரிமார் பாடசாலையும் அச்சகமும் கொண்டுவந்தார்கள். அவற்றின் நன்மையை நான் மறுக்கவில்லை, எங்கள் குடும்பமே அந்தப் பாடசாலைகளால் எழும்பியது. ஆனால் அதே அச்சகத்திலிருந்து சைவ வழிபாட்டை ஏளனம் செய்யும் கைப்பிரதிகளும் வந்தன. பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, வேதாகமத்தைத் தமிழாக்க அவருக்கு உதவிய ஆறுமுக நாவலர்தான், 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி, மறு வருடம் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பின்னர் தனக்கென அச்சகமும் வைத்து, அடிக்கு அடி திருப்பிக் கொடுத்தார். எங்கள் வேதாகமத்தை எங்களைவிட நன்றாக அறிந்திருந்த ஒருவரை எங்களுடைய ஏளனமே எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளியது என்று நான் வகுப்பில் சொல்லியதுண்டு. சில கிறிஸ்தவப் பெற்றார் அதற்காக என்மேல் மனத்தாங்கலும் கொண்டார்கள். 2019இல் சிவராத்திரிக்கு முதல் நாள் மன்னாரில் திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போகும் வீதியில் இருந்த வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கிய காட்சியை வன்னி முழுவதும் தொலைபேசியில் பார்த்தது. அதற்குப் பிறகும் ஒலிபெருக்கியில் இருள், பேய், கல் என்று பேசுகிறவர் யாருக்கு என்ன சாட்சி சொல்ல நினைக்கிறார்?

உதவிப் பொருளும் சாட்சியும் ஒரே கையில் வருவதைப் பற்றிச் சட்டம் ஏற்கெனவே பேசியிருக்கிறது. எங்கள் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தான் விரும்பிய சமயத்தைக் கொண்டிருக்கவும் தழுவவும் உள்ள சுதந்திரத்தை எல்லாருக்கும் தருகிறது. 14ஆம் உறுப்புரை அதை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் உரிமையைப் பிரசைகளுக்குத் தருகிறது. ஆயினும் 2003இல், மென்சிங்கன் அருட்சகோதரிகளின் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, சமயத்தைப் பரப்பும் உரிமை இவற்றுள் அடங்காது என்றும், வறியவர்களுக்குப் பொருளுதவி செய்வதோடு அதைச் சேர்ப்பது அவர்களுடைய சுதந்திரத்தையே பாதிக்கும் என்றும் நீதிமன்றம் தீர்மானித்தது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, அந்தச் சகோதரிகளின் உரிமை மீறப்பட்டதென்று மறுதலையாகக் கருத்துச் சொன்னது. 2004இல் கொண்டுவரப்பட்ட மதமாற்றத் தடைச் சட்டமூலம் நிறைவேறவில்லை. அது நிறைவேறாதது நல்லதென்றே நான் நினைக்கிறேன்; ஒருவருடைய மனம் எப்படித் திரும்பியது என்று பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதுகிற நாடு எவருக்கும் வேண்டாம். ஆனால் சட்டம் தடுக்காத எல்லாவற்றையும் செய்யலாம் என்று கிறிஸ்தவர் நடக்க முடியாது. உலருணவுப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லப்படுகிற சாட்சியை, வீட்டில் அரிசியில்லாத பெண் மறுக்க மாட்டாள். தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலை ஆத்துமா என்று எண்ணிக் கணக்கெழுதி அனுப்புகிறவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் ஜோசப் வாஸ் அடிகளார் செய்தது என்ன என்று கேட்பார்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அந்தக் குருவானவர், 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளரைச் சொந்த உறவுகளே கைவிட்டு ஓடியபோது, சமயம் பாராமல் அவர்களைப் பராமரித்தார். அங்கே உதவி எந்தச் சம்மதத்துக்காகவும் காத்திருக்கவில்லை. தலையாட்டாதவருக்கும் கஞ்சி கிடைத்தது. அடுத்த கிழமையும் அதே கஞ்சி, அதே நேரத்தில், எதையும் கேளாமல் கிடைக்குமென்றால் உதவியில் எந்தக் களங்கமும் இல்லை.

அண்மைக் காலத்தில் வந்த ஒரு கொடுமையையும் சொல்ல வேண்டும். சாட்சியைத் தொலைபேசியில் பதிவுசெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். காலிழந்த இளைஞனையும் விதவையையும் கதிரையில் இருத்தி, முதலில் துன்பத்தையும் பிறகு தொழுவதற்கு வந்ததையும் சொல்லச் சொல்லி, கண்ணீர் வருகிற இடத்தில் முகத்தைக் கிட்டவாக எடுக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயரும் ஊரும் யூடியூப்பில் கிடக்கின்றன. பாடசாலைக்குப் போகிற மகளை மற்றப் பிள்ளைகள் அதைக் காட்டிக் கேலி செய்கிறார்கள். தன் கதை எங்கே போகும், எவ்வளவு காலம் இருக்கும், வேண்டாமென்றால் எப்படி எடுப்பிப்பது என்று அந்தப் பெண்ணுக்கு எவரும் விளங்கப்படுத்தவில்லை. விசுவாசத்தின் பெயரால் எடுக்கப்படுவதனால் அது தகாத காரியம் அல்லவென்று ஆகிவிடாது.

சாட்சி என்ற பெயருக்கு வன்னியில் நான் அறிந்த மிகப் பெரிய உதாரணம் எந்தக் கூட்டத்திலும் சொல்லப்பட்டதன்று. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை, 2011 ஜனவரியில், போருக்குப் பின் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய் இருந்து, கச்சேரிகளின் பதிவுப்படி 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர், வெளியே வந்தவர்கள் 2,82,380 பேர், மிகுதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் கணக்கில் அவர் கத்தோலிக்கரைத் தனியாகப் பிரிக்கவில்லை. தன்னை ஆண்டவர் எப்படிக் காத்தார் என்றும் சொல்லவில்லை. 2021இல் அவர் மறைந்தபோது சைவ வீடுகளிலும் துக்கம் கொண்டாடப்பட்டதை மடுவைச் சுற்றியுள்ளவர்கள் அறிவார்கள். அந்த வீடுகளில் கிறிஸ்துவின் பெயர் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறதென்றால் அதற்கு எங்கள் துண்டுப்பிரசுரங்கள் காரணமில்லை.

சபைத் தலைவர்களிடமும் போதகர்களிடமும் நான் கேட்பது கடினமான காரியங்கள் அல்ல. வீடு சந்திக்கப் போகிற இளையவர்களை அனுப்பு முன்னர், தங்கள் கதையைச் சொல்லப் பழக்குகிற நேரத்தில் பாதியையாவது மற்றவருடைய கதையைக் கேட்கப் பழக்குங்கள். படலையில் நின்று வரலாமா என்று கேட்கட்டும். வேண்டாமென்றால் கோபமில்லாமல் திரும்பட்டும். சாட்சி சொல்லி முடித்தபின் உங்களுக்கும் இப்படியே நடக்கும் என்ற வசனத்தைச் சொல்லவே கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பொதியும் வேதாகமமும் ஒரே நாளில் ஒரே வீட்டுக்குப் போகாதிருக்கட்டும். பழைய சமயத்தைப் பற்றிப் பேசுகிறவர், தன் தாய் முன்வரிசையில் இருந்தால் எப்படிச் சொல்லுவாரோ அப்படியே சொல்லட்டும். இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி வேண்டாமென்பதை நான் சொல்லத் தேவையில்லை, அது ஏற்கெனவே நீதிமன்றம் சொன்னது.

இன்னும் ஒன்று. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மே மாதம் 12ஆம் திகதி தொடங்கி 18ஆம் திகதி வரை வீதியோரங்களில், போரில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிற அந்தக் கிழமையில், அற்புத சுகமளிக்கும் கூட்டங்களையும் திறந்தவெளிச் சாட்சிக் கூட்டங்களையும் எந்தச் சபையும் வைக்க வேண்டாம் என்று எல்லாத் திருச்சபைகளும் சேர்ந்து ஒரு முடிவெடுக்கட்டும். மடு, முல்லைத்தீவு, பரந்தன் என்று எந்த ஊரானாலும் அந்தக் கிழமையில் தேவாலயக் கதவு திறந்திருக்கட்டும். இறந்தவரதும் காணாமற்போனவரதும் பெயரை எழுதிக் கொடுக்க வருகிறவர் எந்தச் சமயத்தவரானாலும் அந்தப் பெயரைப் பலிபீடத்தில் வாசியுங்கள். இந்த வருடத்துக்கு நாள் போதாதென்றால், அடுத்த வருடத்துக்கான ஆயத்தத்தை இப்போதே தொடங்கலாம். தங்கள் பத்திரிகை இதைப் பிரசுரித்தால், பதில் எழுதுகிற சகோதரர் இந்த ஒரு வேண்டுகோளுக்கேனும் ஆம் அல்லது இல்லை என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கிளிநொச்சி.